பிழைப்பதிவை வாசிப்பது யார்?

இணையத்தளம் ஒன்று விழுந்தால், அதைச் செய்துகொடுத்தவருக்கு முதலில் வருவது ஒரு போன் அழைப்பு. "தம்பி, நம்ம கோயில் சைட் வேல செய்யல. வெள்ளையா நிக்குது, என்னான்னு கொஞ்சம் பாருங்க." அழைப்பில் இருக்கும் தகவல் அவ்வளவே. எப்போதிருந்து இப்படி, எந்தப் பக்கத்தில், எல்லோருக்குமா அவருடைய போனில் மட்டுமா என்று எதுவும் தெரியாது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் பாடசாலைக்கும் கோயிலுக்கும் இளைஞர் மன்றத்துக்கும் தளம் செய்துகொடுக்கும் பிள்ளைகளுக்கு இது பழகிய அழைப்பு. உடனே அவர்கள் இறங்கும் வேலையும் பழகியதுதான். பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள், தீமை மாற்றுவார்கள், யூடியூப்பில் தேடுவார்கள், போன மாதப் பிரதியை எடுத்து மேலே போட்டு இந்த மாதம் ஏற்றியதையெல்லாம் இழப்பார்கள். கடைசியில்தான் யாராவது ஒருவர் "எரர் லொக் பாத்தியா?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வி முதலிலேயே வந்திருந்தால் பாதி நாள் மிச்சம். ஆனால் பிழைப்பதிவைத் திறந்தால் போதும், விடை அதில் தயாராக இருக்கும் என்று சொல்வதும் சரியல்ல. பதிவு சிலவற்றைத் துல்லியமாகச் சொல்லும், சிலவற்றில் வாசிப்பவரைத் தவறான கதவுக்கு அனுப்பும், சிலவற்றை அறியவே அறியாது.

தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்கச் செக்ரோல் போதும். யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து என்று அதில் வரி வரியாக விழுவதுபோல, சேவரின் வருகைப்பதிவில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி விழுகிறது. வந்த முகவரி, நேரம், கேட்ட பக்கம், கிடைத்த விடையின் எண் எல்லாம் அதில் உண்டு. பிழைப்பதிவு வேறு புத்தகம். நடந்த வேலை அதில் ஏறாது. நடக்காமல் போனதும், நடக்கும்போது இடறியதும் மட்டுமே ஏறும். தளம் விழுந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வருகைப்பதிவில் 500 என்று ஒரு வரி நின்றால், அதே நேரத்துக்குப் பிழைப்பதிவில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். 500 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. "உள்ளே ஏதோ ஆகிவிட்டது" என்று சேவர் கைவிரிப்பதுதான் அது.

இப்படிப் பிழைகளை ஒரு முறைப்படி எழுதிவைக்கும் வழக்கம் 1980களில் பேர்க்லியில் வேரூன்றியது. செண்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளை எழுதிய எரிக் ஆல்மன், அதற்குத் துணையாக சிஸ்லொக் என்ற பதிவுமுறையையும் எழுதினார். பிழைகளுக்குக் கடுமை வைத்துத் தரம் பிரிக்கும் வழக்கம் அங்கிருந்து வருகிறது. 2009இல் வெளியான சிஸ்லொக் தரத்திலும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகள்: உச்சத்தில் 0, கணினியே நின்றுபோகும் அவசரநிலை, அடியில் 7, நிரல் எழுதுபவருக்கு மட்டும் வேண்டிய துணுக்கு. 1995இல் வந்த அப்பாச்சி சேவரும், 2004இல் ரஷ்யாவில் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸும் ஏறத்தாழ இதே படிகளைத்தான் பயன்படுத்துகின்றன.

வாடகை ஹோஸ்டிங்கில் இந்தக் கோப்பைத் தேடிப் பிடிப்பதே முதல் சிக்கல். ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருப்பதால், சேவரின் முழுப் பதிவையும் குடியிருப்பவர்களிடம் காட்டமாட்டார்கள். ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பலகையான சீபெனலில் 'எரர்ஸ்' என்ற பகுதி கடைசி 300 வரிகளை மட்டும் காட்டும். தானியங்கிகள் இரவெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் 300 வரி என்பது சில நேரம் அரை மணித்தியாலம்கூட இல்லை. காலையில் திறப்பவருக்கு இரவு விழுந்த காரணம் கிடைக்காது. தளத்தின் நிரலை ஓட்டும் பிஎச்பி எழுதும் பிழை பெரும்பாலும் அந்தந்தக் கோப்புறையிலேயே 'எரர்_லொக்' என்ற பெயரில் ஒரு கோப்பாகச் சேரும். வேர்ட்பிரஸ் தனக்கென்று ஒன்று எழுதும், அதுவும் நாம் போய்ச் சொன்னால்தான். ஆக, ஒரு சிறு தளத்துக்கு மூன்று இடத்தில் மூன்று பதிவுகள்.

அவற்றில் ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். பிஎச்பி பதிவில் அடிக்கடி நிற்பது இது: "பேட்டல் எரர்: அலவுட் மெமரி சைஸ் ஒவ் 134217728 பைட்ஸ் எக்ஸோஸ்டட் (ட்ரைட் டு அலொகேட் 20480 பைட்ஸ்)". பின்னால் ஒரு கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும். 134217728 என்றால் 128 மெகாபைட். இந்தத் தளம் ஒரு வேலைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய நினைவகம் அவ்வளவுதான், அது தீர்ந்துவிட்டது என்கிறது வரி. அடைப்புக்குள் இருப்பது கடைசியாகக் கேட்ட அளவு, வெறும் 20 கிலோபைட். அனுபவமில்லாதவர் அந்தக் கோப்பைத் திறந்து அந்த வரியைக் குடைவார். அந்த வரி செய்த குற்றம் ஒன்றுமில்லை. நினைவகம் தீர்ந்த நேரத்தில் கையை நீட்டியது அதுதான் என்பதைத் தவிர அதற்கும் இந்தப் பிழைக்கும் தொடர்பில்லை.

தின்றது எது? பாடசாலை விளையாட்டுப் போட்டி முடிந்த மாலையில் படம் ஏற்றும்போது இந்த வரி வந்தால் விடை எளிது. போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் கோப்பாக நாலு மெகாபைட்தான். ஆனால் அதைச் சிறிதாக்குவதற்கு சேவர் விரித்துவைக்க வேண்டும். 4000க்கு 3000 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் 48 மெகாபைட் ஆகிறது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமாக இருந்தால் அதைச் சுழற்றி நேராக்க வேண்டும், வேர்ட்பிரஸ் 5.3 முதல் அதைத் தானாகவே செய்கிறது. ஜீடி என்ற பட நூலகத்தை நம்பியிருக்கும் சேவரில் சுழற்றுவதற்கு இன்னொரு பிரதி வேண்டும், இன்னொரு 48. வேர்ட்பிரஸும் பிளகின்களும் ஏற்கெனவே பிடித்திருப்பதைச் சேர்த்தால் 128 தாண்டிவிடும். படுக்கையாக எடுத்த படம் ஏறுகிறது, நெட்டாக எடுத்தது மட்டும் ஏற மறுக்கிறது என்று ஆசிரியர் முறையிட்டால் அது மாயமல்ல, இந்தக் கணக்கு. பதிவு இந்தக் கணக்கைச் சொல்லாது. 128 தீர்ந்தது என்று மட்டும் சொல்லும். மிச்சம் வாசிப்பவரின் வேலை.

வேறு வகை வரிகளில் கோப்பின் பெயரை அப்படியே நம்பலாம். 2020 நவம்பரில் பிஎச்பி 8.0 வந்தபோது 'ஈச்', 'கிரியேட்_பங்ஷன்' போன்ற பழைய கட்டளைகளை எடுத்துவிட்டார்கள். 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் புதிய பதிப்புக்கு மாறின. மாறிய மறுநாள் காலையில் பழைய பிளகின் வைத்திருந்த தளங்கள் வெள்ளையாக நின்றன. யாரும் எதையும் தொடவில்லை என்று தளக்காரர் சத்தியம் செய்வார், அது உண்மையும்கூட. பதிவிலோ "கோல் டு அன்டிபைன்ட் பங்ஷன்" என்று ஒரு வரி நிற்கும், கூடவே எந்தப் பிளகினின் கோப்புறை என்று முழு வழியும். அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றினால் தளம் எழுந்துவிடும். நினைவகம், நேரம் தீர்ந்த பிழை என்றால் கோப்பின் பெயரைச் சந்தேகிக்க வேண்டும். இல்லாத கட்டளையை அழைத்த பிழை என்றால் நம்ப வேண்டும்.

தரவுத்தளத் தொடர்பு அறுந்த பிழையும் இப்படித்தான். வருபவருக்குத் தெரியும் பக்கம் ஒன்று. பதிவில் மூன்று முகம். 'அக்சஸ் டினைட்' என்றால் கடவுச்சொல்லோ பயனர் பெயரோ பொருந்தவில்லை, பெரும்பாலும் தளத்தை இடம் மாற்றியவரின் கைவண்ணம். 'டூ மெனி கனெக்ஷன்ஸ்' என்றால் கூட்டம். 'கோன் அவே' என்றால் தரவுத்தளம் நடுவில் நின்றுபோயிருக்கிறது அல்லது காத்திருந்து களைத்துத் தொடர்பை வெட்டிவிட்டது. கிளவுட்லினக்ஸ் போட்ட சேவர்களில் 508 என்ற எண் வந்தால் உங்கள் தளத்துக்கு ஒதுக்கிய பங்கு முடிந்தது என்று பொருள். அந்த எண்ணுக்கு நிரலைத் திருத்திப் பயனில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பாதி வேளை குற்றவாளி நிமிடத்துக்கு ஒருமுறை எதையோ எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பிளகின்தான்.

ஒரு பிழை தனியாக வருவது குறைவு. தரவுத்தளம் நின்றால் அதை நம்பியிருந்த எல்லாம் கத்தும். ஐந்து நிமிடத்தில் நானூறு வரி. கோப்பைத் திறப்பவர் இயல்பாகவே கடைசி வரியைத்தான் பார்ப்பார். பார்க்க வேண்டியது தளம் நன்றாக ஓடிய கடைசிக் கணத்துக்குப் பின் வந்த முதல் வரி. அங்கேதான் நேரம் குறுக்கே நிற்கிறது. போன் செய்தவர் "ராத்திரி எட்டு மணிக்கு" என்கிறார். சேவர் உலகப் பொது நேரத்தில் எழுதினால் அது 14:30. அமெரிக்காவில் இருக்கும் சேவர் அந்த ஊர் நேரத்தில் எழுதினால் கோடையில் ஒன்று, குளிரில் ஒன்று. அப்பாச்சியின் வருகைப்பதிவு நேரத்தோடு +0530 போன்ற குறிப்பையும் எழுதும், அதன் பிழைப்பதிவு வழக்கமாக எழுதாது, பிஎச்பி தன் நேர வலயத்தைப் பெயராக எழுதும். ஒரே நிகழ்வு மூன்று கோப்பில் மூன்று நேரத்தில் நிற்கலாம். இலங்கைக்கு இதில் தனிச் சரித்திரமே உண்டு. 1996இல் நாட்டின் கடிகாரத்தை முதலில் ஆறரை மணிக்கும் பிறகு ஆறு மணிக்கும் தள்ளினார்கள். 2006 ஏப்ரல் நடுவில் மறுபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாற்றத்தை அறியாத சேவர் அதற்குப் பிறகும் அரை மணி முன்னால்தான் ஓடியிருக்கும்.

தமிழ்த் தளத்தில் இன்னொரு அடுக்குக் குழப்பம். தமிழ்ப் பெயர் வைத்த படத்தை ஏற்றி அதில் பிழை வந்தால், பதிவில் தமிழ் தெரியாது. மீரியபெத்த என்ற பெயரின் 'மீ' அப்பாச்சியின் பிழைப்பதிவில் ஆறு பைட்டாகச் சிதறி, 'ஈ0 ஏஈ ஏஈ ஈ0 ஏஎஃப் 80' என்று நிற்கும். பக்கத்தின் முகவரியிலும் அதே கதி: ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது இடம் போகிறது. வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியது 200 இடம். 'மீரியபெத்த மண்சரிவு நினைவேந்தல்' என்று தலைப்பிட்டுக் கட்டுரை ஏற்றிப் பாருங்கள். முதற்சொல்லுக்கு 90, இரண்டாவதற்கு 72, நடுவில் இரண்டு கோடு, மிச்சம் 36. முகவரி 'மீரியபெத்த-மண்சரிவு-நினை' என்று அறுந்து நிற்கும். முழுத் தலைப்பையும் கையால் தட்டிய நண்பருக்கு அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம். பிழைப்பதிவில் ஒரு வரியும் இராது, ஏனென்றால் சேவரைப் பொறுத்தவரை ஒரு பிழையும் நடக்கவில்லை.

இதைவிடக் கொடிது எமோஜி. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் பழைய எழுத்துமுறையான 'யூடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழுக்கு மூன்று போதும்; கைகூப்பும் எமோஜிக்கு நான்கு வேண்டும். அதனால் தமிழ் எழுத்து முழுக்கச் சரியாக வந்துகொண்டிருந்த தளத்தில் ஒருவர் அஞ்சலிச் செய்தி எழுதி, நடுவில் கைகூப்பு ஒன்றைப் போட்டு, அதற்குப் பின் குடும்பத்தார் பெயர்களை எழுதினால், கைகூப்புக்கு முன்னால் இருந்தது மட்டும் சேமிக்கப்படும். பின்னால் இருந்த பெயர்கள் போய்விடும். தரவுத்தளம் அதை எச்சரிக்கை என்ற சிறு தரத்தில் முணுமுணுத்துவிட்டு வெட்டிவிடும். 2015இல் வேர்ட்பிரஸ் 4.2 நான்கு பைட் முறைக்கு மாறியதும், அதே ஆண்டு மைஎஸ்கியூஎல் 5.7 இப்படி வெட்டுவதை வழக்கமாக மறுத்துப் பிழை என்றே எழுதத் தொடங்கியதும் பெரிய மாற்றங்கள். முன்பு சத்தமில்லாமல் தொலைந்தது இப்போது சத்தத்தோடு நிற்கிறது. புதிய பதிப்புக்கு மாறியதும் பிழைகள் பெருகிவிட்டன என்று சலித்துக்கொள்வோர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எச்சரிக்கை என்ற தரத்தை யாரும் மதிப்பதில்லை என்பதை மேலும் பேசத்தான் வேண்டும். மலைநாட்டில் அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. இணையத்தளத்தோடு நிறுத்துப் பார்க்கக்கூடிய கனமல்ல அது.

மண்சரிவுக்கும் தரம் பிரித்த எச்சரிக்கை முறை ஒன்று உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 தாண்டினால் அல்லது ஒரே மணியில் 75 பெய்தால் வெளியேற்றம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 1990இல் மண்சரிவு அபாய வரைபடம் போடத் தொடங்கியபோது முதலில் எடுத்த மாவட்டங்களில் பதுளையும் நுவரெலியாவும் இருந்தன. ஆக ஊவாவின் மலைகள் அறியப்படாத மலைகள் அல்ல. மீரியபெத்தத் தோட்டமும் அறியப்படாத இடம் அல்ல. அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் அந்த நிறுவனம் எச்சரித்திருந்தது. 2014 அக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில், கொஸ்லந்தைக்கு மேலே அந்தத் தோட்டத்து லயங்களின் மீது மலை இறங்கியது. நூறு, இருநூறு, முந்நூறு என்று அன்று ஏறி இறங்கிய எண்ணிக்கை, முடிவில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 37 பேர் என்று நின்றது.

அதன் பின் நடந்த வாதம் நாட்டில் எல்லோரும் கேட்டதுதான். சொன்னோம், அவர்கள் போகவில்லை என்றார்கள் அதிகாரிகள். போவதற்கு எங்கே இடம் தந்தீர்கள் என்று கேட்டார்கள் மக்கள். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டமோ அரச நிலத்தில் கம்பனி நடத்துவது. அந்த அறையில் குடியிருப்பவருக்கு அடுத்த மேட்டில் ஒரு குடிசை கட்டிக்கொள்ளவும் உரிமை கிடையாது. எச்சரிக்கை எழுதியவருக்கு வீடு கட்டும் அதிகாரம் இல்லை, காணியை விடுவிக்கக்கூடியவர்கள் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள், ஆபத்தில் இருந்தவருக்கு இரண்டும் இல்லை. பிழைத்தவர்களுக்கு 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டது 2016இல், முதல் எச்சரிக்கைக்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து. வாசிக்காததால் வந்த விபத்து என்று இதைச் சொல்ல நான் தயங்குவேன். வாசித்தார்கள். வாசித்தவர்கள் கையில் திருத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் திருத்தவில்லை.

இந்தப் பிரிவு வாடகை ஹோஸ்டிங்கிலும் இருக்கிறது, உயிர்ச்சேதம் இல்லாத சிறு அளவில். சேவரின் முழுப் பதிவும் நிறுவனத்தின் கையில். ஒரு தளத்தின் பழைய பிளகினை மாற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. தளத்தைச் செய்தவருக்கு மாற்றத் தெரியும். ஆனால் அவர் காசு வாங்கிக்கொண்டு தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனவர், கடவுச்சொல்லும் அவரிடம் இல்லை. பணம் கட்டும் தலைவருக்கோ அதிபருக்கோ எல்லா உரிமையும் உண்டு. பதிவு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

பதிவுக்கு எட்டாதவையும் உண்டு. 2021 பெப்ரவரி 6 அதிகாலையில் கூகிள் உட்படச் சில டொட் எல்கே முகவரிகளுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்தில் போய் விழுந்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிலை, ஊடக சுதந்திரம் முதலான பிரச்சினைகளைப் பேசிய பக்கம் அது. 1,000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை தோட்டங்களில் கொதித்துக்கொண்டிருந்த வாரம் வேறு. தாக்கப்பட்டது அந்தத் தளங்கள் அல்ல, பெயரை முகவரியாக மாற்றித்தரும் பதிவகம். சில மணி நேரத்தில் சரிசெய்தார்கள். திசைமாறிய தளத்தின் பிழைப்பதிவை அன்று யாராவது திறந்திருந்தால் சுத்தமாக இருந்திருக்கும். வருபவர்கள் வாசலுக்கே வரவில்லை, பிழை எங்கிருந்து வரும்? வழக்கமாக நூறு வரி வரும் நேரத்தில் ஒன்றும் வராவிட்டால் அதுவும் தகவல்தான். ஆனால் அதை வருகைப்பதிவில்தான் காணலாம், அதுவும் வழக்கம் என்னவென்று முன்பே தெரிந்தவர்.

அமெரிக்காவில் ஈக்விபெக்ஸ் என்ற கடன்தகவல் நிறுவனம் 2017இல் ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் பேரின் தகவலை இழந்த கதையிலும் இதே அமைதி உண்டு. உள்ளே போய்வருவதைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் கிடந்தது. கருவி எதையும் பார்க்கவில்லை, ஆகவே எதையும் எழுதவில்லை. சான்றிதழைப் புதுப்பித்ததும் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. நம்மூருக்கு இறக்கிச் சொன்னால், 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டபோது ஹோஸ்டிங் கட்டணம் கட்ட முடியாமல் நின்ற தளம். அதன் பதிவிலும் பிழை இராது. தளமே இல்லாத இடத்தில் பதிவு ஏது.

இனி மறுபக்கம். பதிவே பிழையாகும் கதைகள் சிறியவை அல்ல. 2018 மே மாதத்தில் டுவிட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. மறைக்கப்பட வேண்டிய கடவுச்சொற்கள் உள்ளகப் பதிவொன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2021 டிசம்பரில் ஜாவா உலகமே கலங்கியதற்குக் காரணம் லொக்4ஜே, பதிவு எழுதுவதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒரு நூலகம். வெளியார் அனுப்பிய ஒரு சொற்றொடரைப் பதிவில் எழுதப் போய், அதைக் கட்டளையாக எடுத்து நிறைவேற்றிவிட்டது. சிறு தளக்காரர்களுக்கு இவற்றைவிட நெருக்கமானது 2024 செப்டெம்பரில் வெளிவந்தது. 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களில் இருக்கும் லைட்ஸ்பீட் கேஷ் என்ற பிளகின், பிழைதேடலுக்காக எழுதிய கோப்பில் உள்நுழைந்தவர்களின் குக்கிகளையும் சேர்த்து எழுதியிருந்தது. கோப்பு யாரும் திறக்கக்கூடிய இடத்தில் கிடந்தது. எப்போதோ ஒருநாள் பிழைதேடலை இயக்கிவிட்டு நிறுத்த மறந்த, அல்லது நிறுத்தியும் கோப்பை அழிக்காத தளங்களுக்குத்தான் ஆபத்து. வேர்ட்பிரஸ் தானே எழுதும் 'டீபக் லொக்' கோப்பும் வழக்கமாக எல்லோரும் ஊகிக்கக்கூடிய முகவரியில்தான் விழுகிறது. பிழையைப் பக்கத்திலேயே காட்டச் சொல்லும் அமைப்பையும் வேலை முடிந்ததும் அணைக்காமல் விட்டுவிட்டு, உள்ளே எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கும் தளங்கள் நம்மிடையே நிறைய.

பதிவை எங்கே வைப்பது என்பதற்கும் பக்கத்திலேயே பாடம் உண்டு. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசின் கிளவுட் மீது மீட்புப்பணம் கேட்கும் தாக்குதல் நடந்தது. அரச மின்னஞ்சல் கணக்குகள் ஏறத்தாழ 5,000இல், மே 17 முதல் அன்று வரையான கடிதங்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்கு மீட்கக்கூடிய காப்புப்பிரதி இல்லை. பிழைப்பதிவும் அதே இயந்திரத்தில் மட்டும் இருந்தால் இயந்திரம் போகும்போது கூடவே போகும், அதுவும் அது மிகவும் வேண்டியிருக்கும் நாளில். உடைத்து நுழைபவர் முதலில் அழிப்பதும் அதைத்தான். மாதம் ஒருமுறை கோப்பை இறக்கி வேறிடத்தில் வைப்பது பெரிய வேலையல்ல. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் பழைய பதிவைச் சில நாளில் தாமாகவே அழித்துவிடும் என்பதால் இறக்காவிட்டால் எப்படியும் இராது. ஆனால் அதில் வந்தவர்களின் கணினி முகவரிகள் இருக்கின்றன. 2022இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதை வட்சப் குழுவில் தூக்கிப்போட்டு "யாராச்சும் பாருங்கப்பா" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

தளம் விழுந்த நேரத்தில் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு "சைட் டவுன், அவசரம்" என்று எழுதினால் "கேஷை அழித்துப் பாருங்கள்" என்று விடை வரும். எழுத வேண்டியது மூன்று விஷயம்: எந்தப் பக்கம், உலகப் பொது நேரப்படி எத்தனை மணி, பதிவிலிருந்து அந்த முதல் வரி அப்படியே. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பதிவு முழுக்க ஆங்கிலம் என்று பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை ஒரு சிறு தளத்தின் ஓர் ஆண்டுப் பதிவில் மாறி மாறி வருவது ஒரு டசின் வாக்கியங்களுக்குள்தான். அவற்றைப் பழகிக்கொள்ளக் கணினிப் பட்டம் வேண்டியதில்லை.

அதற்கு முன், எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல், பாரிய பிழை ஏற்பட்டால் வேர்ட்பிரஸ் தானாகவே நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது: எந்தப் பிளகினில் பிழை, எந்தக் கோப்பு, உள்ளே போய் அதை நிறுத்த ஒரு தனி இணைப்பு. தளக்காரர் ஒரு வரியும் நிரல் தெரியாதவராக இருந்தாலும் அதைச் சொடுக்கித் தளத்தை எழுப்பிவிடலாம். அமைப்புகள் பகுதியில் நிர்வாகியின் மின்னஞ்சல் என்ற பெட்டியைத் திறந்து பாருங்கள். பல தளங்களில் அதில் இருப்பது, ஐந்தாறு வருடத்துக்கு முன் தளத்தைச் செய்துகொடுத்துவிட்டு இப்போது கொழும்பிலோ கட்டாரிலோ வேலை செய்யும் ஒரு பிள்ளையின் பழைய முகவரி. அந்த இணைப்பு ஒரு நாளுக்குத்தான் செல்லும்.